படுவான்கரைப் பண்டிச் சொசேஜஸை ருசி பார்ப்பது எப்படி?

எங்கள் வீட்டில் சொசேஜஸ் என்றால் நெடுங்காலம் ஒரே ஒரு சமையல்தான். பைக்கற்றைப் பிரித்து, சரிவாக வெட்டி, தாச்சியில் பொரித்து, பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளிச் சோஸ் எல்லாம் போட்டு ஒரு பிரட்டல். டெவல் என்று பெயர். படுவான்கரையில் வயலோரமாகப் பண்டி (பன்றிக்கு எங்கள் ஊர்ப் பெயர்) வளர்க்கிற ஒருவர், தன் கையால் அடைத்த சொசேஜஸ் ஒரு கிலோவை முதன்முதலாகத் தந்தபோதும் அதையேதான் செய்தேன். அடுத்த கிழமை, "எப்பிடி இரிந்திச்சி தம்பி?" என்று கேட்டார். "சோஸ் நல்லாச் சேர்ந்திருந்தது அண்ணே" என்றேன். சொல்லி முடிக்கும் முன்னமே எனக்கு வெட்கமாகிவிட்டது. பத்து மாதம் வளர்த்தவரிடம் போய் சோஸின் அருமையைச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாலைந்து நத்தார் காலத்தில் பழகிப் பழகிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கம் இதுதான்: சிறு பண்ணைச் சொசேஜில் ருசி பார்க்க வேண்டியது கொழுப்பை. மசாலாவை எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்தப் பண்டி என்ன தின்றது, எப்படித் திரிந்தது, யார் எவ்வளவு கவனமாக அரைத்தார்கள் என்பதெல்லாம் கொழுப்பில்தான் தெரியும்.

படி 1: வாங்குமுன் பண்ணையைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எல்லாம் அந்தப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதிப் பக்கமிருந்து போய்வருவது லேசு. அதற்கு முன் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பாதையில்தான் போக வேண்டும் (வெளியூரார் குழம்ப வேண்டாம், வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர்). ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள். ரெலிபோனில் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் பாதி விஷயம் தெரியாமலே போய்விடும்.

ஊருக்குள் அவிழ்த்து விட்ட பண்டியும் திறந்தவெளியில் வளர்த்த பண்டியும் ஒன்றல்ல. அவிழ்த்து விட்டது கண்டதையும் தின்னும், மனிதக் கழிவையும் தின்னும். நாடாப்புழுவின் முட்டை அப்படித்தான் பண்டிக்குள் போய் இறைச்சியில் அரிசிமணி போலக் கொப்புளமாகத் தங்குகிறது. நல்ல பண்ணையில் வேலி இருக்கும், வேலிக்குள் மரநிழல் இருக்கும், ஒரு சேற்றுக் குழியும் இருக்கும். பண்டியால் எங்களைப் போல வியர்க்க முடியாது. இந்த ஊர் வெயிலில் சேறுதான் அதற்குக் குளிர்ச்சி. சேறு இருப்பது குறையில்லை. அந்தச் சேறு முழுக்கச் சாணியும் மூத்திரமுமாக இருந்தால்தான் குறை. அதற்குக் காரணம் கீழே வருகிறது.

பிறகு தீனியைக் கேளுங்கள். இதை விடவே கூடாது. மட்டக்களப்பில் நெல் ஆலைக்குப் பஞ்சமில்லை, ஆகவே தவிடு மலிவு. ஆனால் தவிட்டில் எண்ணெய் அதிகம், அந்த எண்ணெய் அப்படியே பண்டியின் கொழுப்பில் போய்ச் சேர்ந்து அதை இளக்கிவிடும். தேங்காய்ப் புண்ணாக்கு தின்ற பண்டியின் கொழுப்பு இறுகி வெள்ளையாக இருக்கும். மீன் சந்தையில் மிஞ்சும் குடலும் தலையும் போட்டு வளர்த்தால் இறைச்சியில் மீன் வாடை ஏறும், எந்த மசாலாவாலும் அதை மறைக்க முடியாது. கடலும் வாவியும் பக்கத்திலிருக்கிற ஊரில் இதை வெட்கப்படாமல் கேட்டுத்தான் ஆக வேண்டும். அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க விடுகிறோம், மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுக்கிறோம் என்று சொன்னால் சந்தோஷமாக வாங்கலாம்.

அடுத்த கேள்வி: கிடாய் (ஆண் பண்டி) என்றால் குட்டியிலேயே காயடித்ததா? காயடிக்காத வளர்ந்த கிடாயின் கொழுப்பில் மூத்திர நெடி போன்ற ஒரு வெடுக்கு சேரும். இதற்கு முக்கியக் காரணம் இரண்டு. ஒன்று ஆண்ட்ரோஸ்டினோன், விதையிலிருந்து வருவது. மற்றது ஸ்கட்டோல், குடலில் உண்டாவது. தன் கழிவிலேயே புரண்டு கிடக்கிற பண்டியில் ஸ்கட்டோல் கூடும், சேற்றுக் குழியைப் பார்க்கச் சொன்னது அதனால்தான்.

கடைசியாக, எங்கே வெட்டினார்கள், மிருக வைத்தியர் பார்த்தாரா, என்றைக்கு அரைத்தார்கள் என்று கேளுங்கள். 2024இன் கடைசிப் பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கும் வந்த பிறகு, ஒழுங்காகச் செய்கிற பண்ணையாளர் யாரும் இதைக் கேட்டால் கோபிப்பதில்லை. அது மனிதருக்குத் தொற்றாத நோய், ஆனால் பண்டிகளைப் பட்டிபட்டியாகச் சாய்த்துவிடும். உங்களைச் செருப்பு மாற்றச் சொன்னாலோ, கால் கழுவச் சொன்னாலோ, வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னாலோ மனம் நோகாதீர்கள். நல்ல பண்ணைக்கு அதுவே அடையாளம்.

படி 2: நாளும் ஆட்களும்

நாலு பேர் போதும், ஆறுக்கு மேல் வேண்டாம். கூட்டம் கூடினால் அது விருந்து, ருசி பார்ப்பது நடக்காது. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அன்றைக்குச் சைவம், தவக்காலம் என்றால் கத்தோலிக்கரும் அன்றைக்கு மச்சம் தொடமாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நாட்களில் பேச்சே எடுக்காதீர்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, பகல் பதினொரு மணி போல, அரைப்பசியோடு உட்காருவது உத்தமம்.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இருக்கிற முஸ்லிம் கூட்டாளிகளை இதற்குக் கூப்பிடக் கூடாது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சொல்லத் தேவையானது ஒன்று உண்டு: அவர்கள் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சட்டி, கத்தி, ஐஸ் பெட்டி எதையும் இதற்குத் தொடாதீர்கள். எங்கள் வீட்டில் பண்டிக்கென்று ஒரு தாச்சியும் ஒரு பலகையும் புறம்பாக இருக்கின்றன. கேட்டு வருகிறவருக்கு நிம்மதியாக மற்றதைக் கொடுக்கலாம்.

ருசி பார்க்கிறவர் அன்று காலையில் வெற்றிலை போடக் கூடாது. சிகரெட்டும் வேண்டாம். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வருகிற மச்சானை வாசலிலேயே பிடித்துக் கை கழுவ அனுப்புங்கள்.

படி 3: கொண்டு வருவது

பச்சைச் சொசேஜ் சூட்டில் கெட்டுப் போகும் வேகம் மீனுக்குக் குறைந்ததல்ல. மீன்காரர் வைத்திருக்கிற மாதிரி ரெஜிபோம் பெட்டி ஒன்று, ஐஸ், சொசேஜஸைச் சுற்ற இரண்டு பொலித்தீன் பை. ஐஸ் கரைந்த தண்ணீர் இறைச்சியில் படக் கூடாது, ஒருமுறை எனக்குப் பட்டு, உறையாக இருக்கிற குடல் ஊறி வெளிறி, பொரிக்கும்போது எல்லாம் உரிந்து போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜில் 4 பாகைக்குக் கீழே. இரண்டு நாளுக்குள் சமைப்பதில்லை என்றால் பிரீசரில். உறைந்ததை இளக்குவது முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில்தான். குசினி மேசையில் வைத்து இளக்குவது எங்கள் ஊர் வெக்கைக்குச் சரிவராது.

படி 4: பச்சையாக இருக்கும்போது பார்ப்பது

பச்சைக் கலவையை நாக்கில் வைக்காதீர்கள். அரைத்தவர்களே உப்புப் பார்க்க ஒரு சிறு உருண்டையைப் பொரித்துத்தான் பார்ப்பார்கள். பச்சையில் கண்ணும் மூக்கும் போதும்.

வெளிச்சத்தில் பிடித்தால் குடலின் ஊடாக இறைச்சி மணியும் கொழுப்பு மணியும் வேறுவேறாகத் தெரிய வேண்டும். ஓடித் திரிந்த, வயது கூடிய பண்டியின் இறைச்சி கடைப் பண்டியை விடக் கருஞ்சிவப்பு, தசைக்கு வேலை கூடினால் நிறமும் கூடும். கொழுப்பு நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும், முப்பது வீதம் வரை போகலாம். கொழுப்புக் குறைந்த சொசேஜ் உடம்புக்கு நல்லது என்று விற்பவரிடம் இறைச்சியாக வாங்கிக் கறி வையுங்கள். அதற்கு அது பொருந்தும்.

எல்லாம் ஒரே இளஞ்சிவப்புப் பசையாக, மணி தெரியாமல் இருந்தால், அரைக்கும்போது இறைச்சி சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். கொழுப்பு மெஷினுக்குள்ளேயே இளகி, இறைச்சி மீது பூசுப்பட்டுவிடும். இதுதான் எங்கள் ஊரில் சொசேஜ் அடைக்கிறவர்களின் பெரிய தலையிடி. இறைச்சியையும் கொழுப்பையும் பாதி உறையவைத்து, மெஷினின் தலையையும் பிரீசரில் வைத்து எடுத்து, விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கினால்தான் சரிவரும். மின்சாரம் நின்றால் அன்றைய வேலை அவ்வளவும் போச்சு.

படி 5: சமைப்பது

எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் வாசத்துக்குப் பழகின மூக்குக்குப் பண்டி வாசம் பிறகு எட்டாது. குளிர்ந்த தாச்சியில் சொசேஜஸை அடுக்கி, மூன்று நாலு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடி, மெல்லிய நெருப்பில் வையுங்கள். தண்ணீர் வற்றும்போது சொசேஜின் கொழுப்பே மெதுவாக இறங்கி அதைப் பொரிக்கத் தொடங்கும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, அடிக்கடி உருட்டி, பொன்னிறமாக்குங்கள். பெருவிரல் பருமனுக்குக் கால் மணித்தியாலம் வரை பிடிக்கும்.

முள்ளால் குத்தாதீர்கள். குத்தினால் வெடிக்காது என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் ருசி பார்க்க வந்ததே அந்த ஓட்டையால் வெளியே போய்விடும். வெடிப்பது நெருப்புக் கூடினதால்: உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிக் குடலைக் கிழிக்கிறது. நெருப்பைக் குறைத்தால் குத்த வேண்டிய தேவையே வராது.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நைத்திரைற்று என்ற பதப்படுத்தும் உப்புச் சேர்த்தது என்றால் நன்றாக வெந்த பிறகும் உள்ளே சிவந்தே இருக்கும், சேர்க்காதது வேகும் முன்னமே சாம்பல் நிறத்துக்குப் போய்விடலாம். இறைச்சிக்குள் குத்துகிற வெப்பமானியை நுனிப்பக்கத்தால் நீளவாக்கில் விட்டு, நடுவில் 71 பாகை செல்சியஸ் காட்டினால் இறக்கலாம். அரைத்த பண்டி இறைச்சிக்கு அதுதான் கணக்கு. திறந்தவெளிப் பண்டி என்பதால் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறக்கியதும் ஐந்து நிமிடம் சும்மா வையுங்கள், உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடும்.

சிரட்டைக் கரியில் சுடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சுடலாம், நல்லாயிருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுடுங்கள். ருசி பார்க்கும்போது வேண்டாம். புகைக்கும் ஒரு ருசி இருக்கிறது, அது முன்னால் வந்து நின்றுகொள்ளும்.

தாச்சியில் மிஞ்சுகிற நெய்யைக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு வகையின் நெய்யையும் தனித்தனிச் சின்னக் கிளாசில் வடித்து, பெயர் எழுதி, பிரிட்ஜில் வையுங்கள். அரை மணித்தியாலத்தில் தேவைப்படும்.

படி 6: ருசி

ஒரு அமர்வுக்கு ஐந்து வகை எல்லை. வரிசை முக்கியம்: உப்பும் மிளகும் மட்டும் போட்டது முதலில், பிறகு உள்ளியும் மல்லியும் போட்டது, பிறகு புளிப்பு உள்ளது, பிறகு இடித்த கொச்சிக்காய் போட்டது, புகை போட்டது கடைசி. முடிந்தால் ஒரு கடைப் பைக்கற்றையும் ஒப்பிட வையுங்கள். சமைத்தவர் எண் மட்டும் போட்டுப் பரிமாறட்டும். எது எதுவென்று ஒருவருக்குத்தான் தெரிய வேண்டும்.

பக்கத்தில் பாணின் நடுப்பகுதி, வெள்ளரிக்காய்த் துண்டு, சீனி போடாத வெறுந்தேத்தண்ணி. ஐஸ் தண்ணீர் வைக்காதீர்கள், கொழுப்பு நாக்கிலேயே உறைந்துவிடும். தேத்தண்ணியின் துவர்ப்புத்தான் நெய்யை வழிக்கும். சம்பலையும் சோஸையும் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். எங்கள் மாமி ஒருவர் சம்பல் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்று எழும்பிப் போனார். போகட்டும்.

முதலில் மணம். இரண்டு விரற்கடை அளவுக்கு வெட்டி, வெட்டிய முகத்தை உடனே மூக்கருகே கொண்டு போங்கள். வெடுக்கு இருந்தால் அந்த முதல் ஆவியில்தான் வரும், ஆறினால் ஒளிந்துகொள்ளும். மூத்திர நெடியா, அலுமாரிக்குள் போடுகிற பூச்சி உருண்டை வாடையா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் "மணக்குது" என்று முகம் சுளிக்க, மற்றவர்கள் "ஒண்டுமில்லையே" என்று சொன்னால் அவரைக் கேலி பண்ணாதீர்கள். ஆண்ட்ரோஸ்டினோன் மணம் பிறப்பிலேயே சிலருக்குப் பிடிபடாது. எங்கள் மேசையில் என் தங்கச்சிக்குத்தான் அந்த மூக்கு. அவள் வேண்டாம் என்றதை நான் மூன்று தடவை ரசித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு கடி. குடலில் அடைத்தது என்றால் முன்பல்லில் 'நறுக்' என்று ஒரு சத்தம் வந்து, தோல் இறைச்சியோடு சேர்ந்தே அறும். ரப்பர் மாதிரி இழுபட்டால் குடல் சரியாக ஊறவில்லை, அல்லது வேகும்போது காய்ந்துவிட்டது. உள்ளே மணிமணியாக, ஆனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். உப்புப் போட்டுப் பிசையும்போது இறைச்சியின் புரதம் கசிந்து பசையாகிறது, அந்தப் பிடிப்பு அதிலிருந்து வருவது. உதிர்ந்து விழுந்தால் பிசைந்தது போதாது, அல்லது நான் மேலே சொன்ன சூடு. சூட்டில் அரைத்ததைக் காட்டிக்கொடுக்க இன்னொரு சாட்சி தாச்சியில் இருக்கும்: எண்ணெய் குளமாக நிற்க, சொசேஜ் சுருங்கித் தோலுக்குள் லொடலொடவென்று கிடக்கும்.

இப்போது விழுங்காமல் பத்துப் பன்னிரண்டு தரம் மெல்லுங்கள். பண்டிக் கொழுப்பு எங்கள் உடம்புச் சூட்டுக்கே இளகுகிற கொழுப்பு. மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் அப்படியில்லை, அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். நல்ல பண்ணைப் பண்டியின் கொழுப்பு இளகும்போது ஒரு மெல்லிய இனிப்பு வரும், அதன் பின்னால் வறுத்த கச்சான் போல ஒரு வாசம். அந்த இனிப்பு எந்தக் கணத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கவனியுங்கள். விழுங்கிய பிறகு அண்ணத்தில் காறல் தட்டினால் கொழுப்புப் பழசு. மீன் நினைவு வந்தால் தீனி. உப்பு கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வரை இருந்தால் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், பேச்சு வந்தாலே கூடவோ குறையவோதான்.

மசாலாவை இதற்குப் பிறகு பாருங்கள். கராம்பும் சாதிக்காயும் தலைக்கு மேலே ஏறி நின்றால் எனக்குச் சந்தேகம் வரும், எதையோ மூடுகிறார்கள் என்று. ஆனால் லிங்குஸ் வகைக்கு இந்தத் தீர்ப்பு செல்லாது. போர்த்துக்கீசரின் லிங்குயீசா இலங்கையில் லிங்குஸ் ஆகி, மல்லி, மிளகு, கராம்பு, வினாகிரி என்று எங்கள் சரக்குப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. அவர்கள் 1628இல் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். பத்தே வருஷம். ஆனாலும் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன, அவர்களில் வயதானவர்கள் வாயில் போர்த்துக்கீசக் கலப்புப் பாஷையும் கொஞ்சம் இருக்கிறது. லிங்குஸில் புளிப்பும் கராம்பும் முன்னால் நிற்பதுதான் அதன் இலட்சணம். அதில் கொழுப்பின் இனிப்பு புளிப்புக்குப் பின்னால், இரண்டாவது அலையாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் எழுத வேண்டும். பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, எல்லாரும் ஏழு போடுவார்கள். வாயில் வந்த சொல்லை எழுதச் சொல்லுங்கள்: வெடுக்கு, காறல், சதுப்பு, கச்சான், மண். என் மருமகன் ஒருமுறை "மழைக்குப் பிறகு வயல்" என்று எழுதினான். சிரித்துவிட்டு நானும் இன்னொரு துண்டு எடுத்தேன், பெடியன் சொன்னது சரி.

இனி அந்தக் கிளாஸ்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்து வரிசையாக வைத்து, கரண்டி நுனியால் அழுத்துங்கள். ஒன்று பால்வெள்ளையாக இறுகி, கரண்டியைத் தடுக்கும். ஒன்று மஞ்சள் தட்டி, களிம்பு போலக் குழைந்து, மேசையில் ஐந்து நிமிடம் வைத்தாலே ஓரத்தில் எண்ணெய் விடும். முதலாவது புண்ணாக்குப் பக்கம், இரண்டாவது தவிட்டுப் பக்கம். சூடாக இருந்தபோது இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துப் பாணில் பூசி, உப்புக்கல் ஒன்று வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மசாலா இல்லாமல், இறைச்சி இல்லாமல், பண்டியே நேராக வந்து பேசுவது இந்த இடத்தில்தான். அன்றைய நாளில் வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

படி 7: மிச்சம்

சமைத்த மிச்சம் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சித்திரை வெயிலில் ஒன்று போதும். இப்போது சம்பலைக் கொண்டு வாருங்கள், மாமியையும் கூப்பிடுங்கள். தோல் சீவல், துண்டு, துணுக்கை எல்லாம் பண்ணையாளரின் பண்டிக்கென்று சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. செய்யாதீர்கள். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி பதப்படுத்திய இறைச்சிக்குள்ளும் தாக்குப்பிடிக்கும், ஒரு துண்டு போதும் ஒரு பட்டியை அழிக்க.

எழுதிய தாள்களைச் சேர்த்து வைத்துப் பண்ணையாளருக்குக் கோல் எடுங்கள். போன மாரியில் நான் எடுத்தேன். உப்புச் சரி, மிளகு சரி, ஆனால் நெய் மட்டும் முந்தின வருஷம் மாதிரி இறுகவில்லை, களிம்பாக இருந்தது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ரெண்டு மாசமாப் புண்ணாக்கு விலை ஏறிப் போச்சி தம்பி, தவிட்டத்தான் கூட்டிப் போட்ட நான். அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கிளாஸ் கதையைச் சொன்னேன். அடுத்த முறை அடைக்கிறபோது தனக்கும் ஒரு கிளாஸ் நெய் எடுத்து வைக்கச் சொன்னார், பிரிட்ஜ் மருமகள் வீட்டில் இருக்கிறதாம்.